அழுக்காற்றின்மேல் ஒரு திரை

பொறாமையைப் பற்றிய கதையொன்றை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து பொறாமையை மட்டும் நீக்கிவிட்டு, எஞ்சியதைத் தமிழ்ப்படம் என்று நமக்குக் காட்டினார்கள். நாமும் பார்த்தோம், பாராட்டினோம், அடுத்த பாகத்தையும் வரவேற்றோம். 2012 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்த ‘நான்’ என்னும் படத்தையே குறிக்கின்றோம். ஜீவா சங்கர் இயக்கியது. இசையமைப்பாளர் விஜய் ஆண்டனி முதன்முறையாகக் கதைத்தலைவனாக நடித்தது. இத்தனை ஆண்டுக்குப் பின் அதனை ஏன் தோண்டி எடுக்க வேண்டும் என்று கேட்போர் இருப்பர். காரணம் உண்டு. 2024 இல் ‘ரிப்ளி’ என்னும் தொடர் நெட்ஃபிளிக்ஸில் எட்டுப் பகுதிகளாக, கறுப்பு வெள்ளையில் வந்தது. பெங்களூரில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் அதனை இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்தனர். பார்த்துவிட்டு, “இதைத்தான் நம்மவர்கள் அப்போதே ‘நான்’ என்று எடுத்துவிட்டார்களே” என்று பெருமிதமும் கொண்டனர். அந்தப் பெருமிதத்தின்மீதுதான் நம் வழக்கு.

மூலக்கதையை அறியாதார்க்குச் சுருங்கச் சொல்வோம். பாட்ரீசியா ஹைஸ்மித் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1955 இல் ‘தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி’ என்னும் நாவலை வெளியிட்டார். நியூயார்க்கில் சில்லறைப் பித்தலாட்டங்களால் காலந்தள்ளும் டாம் ரிப்ளி என்னும் இளைஞனை, கப்பல் கட்டும் செல்வர் ஒருவர் இத்தாலிக்கு அனுப்புகிறார். அங்கே ஒரு கடற்கரையூரில் பொழுதைப் போக்கிக்கொண்டிருக்கும் மகன் டிக்கி கிரீன்லீஃபைப் பேசி அழைத்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. டாம் போகிறான். டிக்கியின் வீட்டைப் பார்க்கிறான்; சட்டைகளைப் பார்க்கிறான்; விரலில் கிடக்கும் மோதிரங்களைப் பார்க்கிறான். ஒருநாள் டிக்கி இல்லாத வேளையில் அவன் உடையை அணிந்து, கண்ணாடிமுன் நின்று, அவன் குரலிலேயே பேசிப் பார்க்கிறான். டிக்கி வந்து வாயிலில் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை. பின்னர் சான் ரெமோ கடலில் ஒரு சிறு படகில், துடுப்பால் அடித்து டிக்கியைக் கொல்கிறான். அவன் கடவுச்சீட்டு, கையொப்பம், தட்டச்சுப்பொறி, மாதந்தோறும் வரும் பணம் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, டிக்கியாகவே உரோமில் வாழத் தொடங்குகிறான். ஐயுற்ற நண்பன் ஒருவனும் கொலையுண்கிறான். இறுதியில் அகப்படாமலே தப்பிவிடுகிறான். நூலைப் படித்து முடிப்பவர் நெஞ்சில் நெடுநேரம் நிற்பது கொலைகள் அல்ல, அந்தக் கண்ணாடி.

டாமுக்கு வேண்டியது டிக்கியின் பணம் மட்டுமன்று. பணம் மட்டும் வேண்டியிருந்தால் திருடியிருக்கலாம். அவனுக்கு வேண்டியது டிக்கியாக இருத்தல். பிறன் ஒருவன் நன்றாக இருப்பதைப் பார்த்து, ‘அவனுக்குள்ளது எனக்கும் வேண்டும்’ என்று தொடங்கும் வேட்கை, ‘அவன் இருக்கும் இடத்தில் நான் இருக்க வேண்டும், அவன் இருக்கக் கூடாது’ என்று முடிகிறது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அடி அடியாக அளந்து காட்டியதுதான் ஹைஸ்மித்தின் திறம்.

இக்கதை அயல்நாட்டில் நிகழ்வது தற்செயலன்று. சொந்த ஊரில் ஒருவனுக்கு முகமே சான்று. இன்னார் பேரன், இன்ன தெரு என்பது போதும். அங்கே எவனும் எவனாகவும் நடிக்க முடியாது. அயலூரிலோ சான்றே முகமாகிவிடுகிறது. ஒரு தாள், ஒரு கையொப்பம், ஓர் ஒட்டிய புகைப்படம் இவைதாம் ஆள். ஊரைவிட்டு வந்த நம் போன்றோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பெங்களூருக்கு வந்த முதல் மாதத்தில் வாடகை வீட்டுக்கும், எரிவாயு இணைப்புக்கும், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கும் நாம் யார் என்று மெய்ப்பிக்க எத்தனை தாள்களைச் சுமந்து அலைந்தோம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். அலுவலகத்தில் பிறர் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட எழுத்தர்களாகிய நமக்கு இன்னும் நன்றாகவே தெரியும். தாளை வைத்திருப்பவனையே தாளுக்கு உரியவன் என்று கொள்ளுவது எவ்வளவு எளிது! மிங்கெல்லாவின் 1999 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் டாம் இத்தாலியில் கப்பலைவிட்டு இறங்கியதுமே, டிக்கியை இன்னும் கண்ணாலும் காணாதபோதே, முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம் தன்னை டிக்கி என்று சொல்லிக்கொள்கிறான். ஊரைவிட்டு வெளியே வந்த மனம் எவ்வளவு விரைவில் வழுக்கும் என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும்.

இந்நூலைத் திரைக்குக் கொண்டுசென்றவர் அனைவருமே அதன்முன் சற்று அஞ்சினர் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். பிரெஞ்சு இயக்குநர் ரெனே க்ளெமான் 1960 இல் அலென் டெலோனை வைத்து எடுத்த ‘ப்ளேன் சொலெய்’ படத்தில், முடிவில் பிணம் படகின் கயிற்றோடு சிக்கி வெளிவருகிறது, காவலர் காத்திருக்கின்றனர். நூலில் இல்லாத தண்டனை அது. மிங்கெல்லாவோ, கொலையைத் திட்டமிட்ட செயலாகக் காட்டாமல், டிக்கியின் ஏளனத்தால் மூண்ட சினத்தில் நேர்ந்ததாக மாற்றினார். மேட் டேமன் முகத்தில் நிறையக் கண்ணீரையும் வைத்தார். முன்னவர் அறத்துக்கு அஞ்சினார்; பின்னவர் இரக்கத்துக்கு அஞ்சினார். எனினும் இருவருமே பொறாமையை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தனர். ஜூட் லா நடித்த டிக்கியை டேமன் பார்க்கும் பார்வையில் அது சுடர்விட்டு எரிகிறது. ஸ்டீவன் ஸெய்லியன் இயக்கிய 2024 ஆம் ஆண்டுத் தொடர் நூலின் குளிர்ச்சிக்கு மிக அருகில் செல்கிறது.

இனி ‘நான்’ படத்துக்கு வருவோம். கார்த்திக் என்னும் சிறுவன், தன் தாய் வேறொருவனோடு கூடியிருப்பதை அறிகிறான். அறிந்த தந்தை தற்கொலை செய்துகொள்கிறார். அதன்பின்னும் தாய் மாறவில்லை என்று கண்ட சிறுவன், அவ்விருவரும் உள்ளிருக்கையில் தீ வைத்துக் கொன்றுவிடுகிறான். சிறார் இல்லத்தில் வளர்கிறான். விடுதலையாகி வரும்போது பேருந்து விபத்து ஒன்று நேர்கிறது. அதில் மாண்டவர்களுள் ஒருவன் சலீம். மருத்துவக் கல்லூரியில் சேரச் சென்றுகொண்டிருந்தவன். அவனுடைய சான்றிதழ்கள் கார்த்திக்கின் கைக்கு வருகின்றன. கார்த்திக் சலீமாகச் சென்னைக்குச் சென்று மருத்துவம் பயில்கிறான். அசோக் என்னும் செல்வந்த மாணவனின் நட்பும் வீடும் கிடைக்கின்றன. பின்னர் சச்சரவில் அசோக் இறக்கிறான். அவன் குரலிலேயே தொலைபேசியில் பேசி, அவன் உயிரோடிருப்பதாக நம்பவைக்கிறான் கார்த்திக். ரிப்ளியின் சாயல் இதில் இருப்பதை விமர்சகர்கள் அன்றே எடுத்துக்காட்டினர்.

படத்தின் கட்டமைப்பைக் குறைகூற வரவில்லை. பாட்டும் கூத்தும் குறைந்து, விறுவிறுப்பாகச் செல்லும் படம். விஜய் ஆண்டனியின் அசையாத முகமும் அவ்வேடத்துக்குப் பொருந்தியது. நம் சினம் அதன் முதல் அரைமணி நேரத்தின்மேல்தான். தீ வைத்த சிறுவன், சோரம்போன தாய், தூக்கில் தொங்கிய தந்தை இவையெல்லாம் மூலக்கதையில் இல்லை. ஏன் கொண்டுவந்தனர்? பின்னே நிகழும் ஒவ்வொரு குற்றத்துக்கும் முன்கூட்டியே கழிவு கொடுத்து வைப்பதற்காக. டாம் ரிப்ளியும் பெற்றோரை இழந்தவன், வளர்த்த உறவினப் பெண்மணியால் ஏளனம் செய்யப்பட்டவன் என்று நூல் சொல்லத்தான் செய்கிறது என்று சில நண்பர்கள் மறுப்பர். மெய், சொல்கிறது. ஆனால் அதனை ஒரு செய்தியாகச் சொல்லிவிட்டு அப்பால் செல்கிறது. காரணமாக நிறுத்தி, அதன்மேல் கொலையைச் சாய்த்து வைக்கவில்லை. பெற்றோரை இழந்தோர் ஆயிரம். கண்ணாடிமுன் பிறன் சட்டையில் நின்றவன் ஒருவன்.

நம் படத்தில் கார்த்திக்குக்கு அசோக்கின்மேல் பொறாமை இருக்கிறதா? உற்றுப் பார்த்தால் ஒரு நிழல்போல இருக்கிறது. அதனை ஒளியில் கொண்டுவர இயக்குநருக்கு மனமில்லை. கொண்டுவந்தால் கதைத்தலைவன் இழிந்தவனாகிவிடுவான்; இழிந்தவனைப் பார்க்க நாம் சீட்டு வாங்கமாட்டோம் என்று கணக்கிட்டிருக்கலாம். கொலைகாரனைத் தமிழ்த் திரை மன்னிக்கும்; பொறாமைக்காரனை மன்னிக்காது. எனவே கொலையை வைத்துக்கொண்டு பொறாமையை எடுத்துவிட்டனர். எடுத்த இடம் வெறுமையாகத் தெரியக் கூடாதே; அங்கே ஒரு பெண்ணின் ஒழுக்கக் கேட்டை வைத்து மூடிவிட்டனர்.

இது புதிய வழக்கமும் அன்று. 1964 இல் சிவாஜி பிலிம்ஸ் தயாரித்து, தாதா மிராசி இயக்கிய ‘புதிய பறவை’யை நினைத்துப் பாருங்கள். வங்காளத்தின் ‘சேஷ் அங்கா’வும், அதற்கு முந்திய 1958 ஆம் ஆண்டு ஆங்கிலப் படம் ஒன்றும் அதற்கு மூலம். சிங்கப்பூர் மணம் வீசும் கதை. இறந்துபோன மனைவி சித்ரா நானே என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். கோபால் அவளைப் பொய் என்கிறான். ஊரார் மெய் என்கின்றனர். பிறர் பெயரைத் தரித்து வந்த அவள் உண்மையைப் பிடிக்க வைத்த வலை என்பது இறுதியில் தெரிகிறது. ஆள்மாறாட்டத்தைக் கொண்டு ஒரு மனச்சான்றை வெளியே இழுத்த அந்தத் திருப்பத்துக்கு ஈடாகத் தமிழில் மிகச் சிலவே உண்டு. சௌகார் ஜானகியும் சிவாஜியும் எதிரெதிர் நின்ற காட்சிகள் இன்றும் சலிப்பதில்லை. ஆனால் அங்கும் கோபாலின் குற்றம் எதில் போய்ச் சாய்கிறது? குடித்துக் களித்து, கணவனை மதியாத மனைவி என்னும் தூணில். ‘நான்’ அந்தத் தூணை மனைவியிடமிருந்து பெயர்த்துத் தாயிடம் நட்டுவிட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டில் நாம் நகர்ந்த தூரம் இவ்வளவே.

ஆள்மாறாட்டத்தை விளையாட்டாகவும் வீரமாகவும் காட்டுவதில் நாம் கைதேர்ந்தவர்கள் என்பது வேறு செய்தி. ‘நாடோடி மன்னன்’ (1958), ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965), ‘தில்லு முல்லு’ (1981) முதலியவற்றில் பிறர் இடத்தில் நின்றவன் நாட்டைக் காத்தான், அடிமைப்பட்ட வீட்டை மீட்டான், அல்லது வேலையைக் காப்பாற்றிக்கொண்டான். அவற்றில் பிழையொன்றும் இல்லை. அவ்வேடங்களுக்காக எவரும் சாகடிக்கப்படவில்லை.

இங்கே நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. பெயரை மாற்றிக்கொள்ளுதல் என்பது தமிழர் வாழ்வில் ஒரு கற்பனையன்று. 1983 க்குப் பின் ஈழத்தைவிட்டு ஓடியவர்களிடம் ‘தலைமாத்தின பாஸ்போர்ட்’ என்று ஒரு சொல்லே வழங்கியது. வேறொருவர் கடவுச்சீட்டில் தம் புகைப்படத்தை ஒட்டிக்கொண்டு கடல்களைக் கடந்தவர்களின் சொல் அது. பெயரைக் கேட்டால் தாளில் உள்ள பெயரைச் சொல்ல வேண்டும். உறக்கத்தில் கூப்பிட்டாலும் அதற்கே திரும்ப வேண்டும். நாமும் முற்றிலும் அறியாததன்று இது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இந்நகரில் கலவரம் மூண்டபோது, வாயிலில் தமிழ் பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த வீடுகள் எத்தனை! பேருந்தில் கேட்டால் கன்னடத்திலேயே பேர் சொல்லிவிட்டு, இறங்கும்வரை வாய்மூடி இருந்தோர் எத்தனைபேர்! எவர்மேலும் பொறாமை கொண்டு நாம் அவ்வாறு செய்யவில்லை. உயிர்மேல் கொண்ட அச்சம் செய்வித்தது. அச்சம் தீர்ந்ததும் நம் பெயர்களை நாமே மீண்டும் எடுத்துக்கொண்டோம்.

இவ்வகை மறைவை உள்ளவாறு காட்டிய ஒரு திரைப்படம் உண்டு. அதனை எடுத்தவர் தமிழரல்லர் என்பது நமக்கு நாணம் தரத்தக்கது. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்து, 2015 இல் கான் திரைவிழாவின் முதற்பரிசாகிய தங்கப்பனையைப் பெற்ற ‘தீபன்’. அதில் பெரும்பகுதி உரையாடல் தமிழ். கதைத்தலைவனாக நடித்தவர் ஷோபாசக்தி என்னும் பெயரில் எழுதும் அந்தோணிதாசன் யேசுதாசன். போரில் தோற்ற சிவதாசன், இறந்துபோன தீபன் என்பவனின் கடவுச்சீட்டைப் பெறுகிறான். இறந்தவனுக்கு மனைவியும் மகளும் இருந்தமையால், முன்பின் அறியாத ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் அவனோடு குடும்பமாக நடித்துப் பிரான்சுக்குச் செல்கின்றனர். பொய்யாகத் தொடங்கிய அந்தக் குடும்பம் ஒருவரையொருவர் எவ்வளவு நம்பலாம் என்று தடுமாறும் ஒவ்வொரு காட்சியிலும், செத்துப்போன மூவரின் கனம் இருக்கிறது. அதன் பிற்பகுதியின் அடிதடி நமக்கு உவப்பன்று; அதனை இங்கே விடுவோம்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிவதாசனும் இறந்தவன் தாளை எடுத்தான். கார்த்திக்கும் இறந்தவன் தாளை எடுத்தான். முன்னவனுக்கு வேறு வழியில்லை. பின்னவனுக்கு வழி இருந்தது. மருத்துவன் ஆகாமலும் மனிதன் வாழலாம். ஆயினும் நம் படம் செய்த சூது என்ன? அகதிக்கு உரிய கண்ணீரை எடுத்து, பிறன் வாழ்வைக் கவர்ந்தவனுக்குக் கொடுத்துவிட்டது. “பாவம், அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?” என்று அரங்கில் இருந்தோர் உருகினர். உண்மையாகவே வேறு யாருமில்லாமல் பெயர் மாற்றியவர்கள் திரைக்கு வெளியே பிற நாட்டு முகாம்களில் காத்திருந்தனர். அவர்களைப் பற்றி நம் திரையுலகுக்கு அத்துணைக் கவலை இல்லை.

அந்தச் சலீம் யார் என்றாவது நின்று கேட்டோமா? ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளை. மருத்துவக் கல்லூரி வரை படித்து வந்தவன். வழியில் மாண்டான். அவன் வாழ்வு படத்துக்கு ஒரு பை. அந்தப் பைக்குள் சில தாள்கள். எழுத்தர் தொழிலின் கோணலோ என்னவோ, நமக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. சேர்க்கை பெற்ற ஒருவன் இறந்தால், அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயருக்குச் செல்ல வேண்டும். அந்த அடுத்த பெயர் யாருடையது? எந்த ஊரில், எந்தத் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான் அவன்? படத்தில் அவனுக்கு ஒரு நொடியும் இல்லை. நம் இரக்கம் முழுதையும் கார்த்திக் வாங்கிக்கொண்டுவிட்டான்.

இதெல்லாம் கதைதானே என்பார்க்கு ஒன்று நினைவூட்டுவோம். 2019 செப்டம்பரில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில், ஒரு மாணவர் பெயரில் நீட் நுழைவுத் தேர்வை வேறோர் ஆள் எழுதியிருந்தது வெளிப்பட்டது. தேர்வுக்கான படத்தில் இருந்த முகமும் வகுப்பில் இருந்த முகமும் ஒவ்வவில்லை. சி.பி.சி.ஐ.டி. காவலர் விசாரணையைத் தொடர, வேறு கல்லூரிகளின் மாணவர்களும் பெற்றோரும் கைதாயினர். சட்டப்படி இது ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றும் குற்றம்; பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 419 ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 319 ஆம் பிரிவு. சட்டத்துக்குப் பிரிவு எண் உண்டு. அந்த வெப்பம் எங்கே மூள்கிறது என்பதற்கு எண் இல்லை. ‘அவர் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது, நம் பிள்ளைக்கு?’ என்னும் கேள்வி கேட்கப்படாத தமிழ் வீடு எது? அதிலும் ஊர்விட்டு வந்தோர் வீடுகளில் அது இன்னும் உரக்கக் கேட்கிறது. தம்பி மகன் அமெரிக்காவில், மைத்துனர் மகள் ஒயிட்ஃபீல்டில் சொந்த வீட்டில், நம் மகன் இன்னும் நேர்காணல் வாயிலில். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் இந்தக் கணக்கையே நம்மிடம் முதலில் எடுத்து நீட்டுகின்றனர்.

பொறாமை நமக்குப் புதியதன்று. நம் புலவர்க்கும் புதியதன்று. திருவள்ளுவர் அழுக்காறாமையைப் பதினேழாம் அதிகாரமாகவும், பிறன் பொருளைக் கவர விரும்பாமையாகிய வெஃகாமையை அடுத்த அதிகாரமாகவும் வைத்தார். முதலில் பொறாமை, அடுத்த அடி கவர்தல். டாம் ரிப்ளி நடந்ததும் அந்த வரிசையில்தான். இரண்டையும் துறவறவியலில் வைக்கவில்லை, இல்லறவியலில் வைத்தார் என்பதும் கருதத்தக்கது. மனைவி மக்களோடு வாழ்பவனுக்கு, விருந்தினரையும் அயலாரையும் நாள்தோறும் காண்பவனுக்கு வரும் நோய் அது என்று அவர் கண்டிருக்கிறார். அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டு மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அவர் சிலையைக் காண நாமெல்லாம் திரண்டு சென்றோம். அந்த இரண்டு அதிகாரங்களைத் திறந்தவர் எத்தனைபேர் என்று கேட்டால் வருத்தப்படாதீர்கள்.

பாரதியார் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகத்தை 1912 இல் வெளியிட்டார். அதில் துரியோதனன் பொறாமைக்கென்றே தனித் தலைப்பிட்டுப் பாடினார். பாண்டவரின் வேள்விச் சிறப்பைக் கண்டு வந்தவன் உறக்கம் கெட்டுச் சகுனியிடம் புலம்புகிறான். இங்கேதான் ‘நான்’ படத்தாரை நேருக்கு நேர் கேட்கிறோம். துரியோதனனுக்கு என்ன குறை? அரசன் மகன். தாய் காந்தாரியின் கற்பில் எவரும் குறை சொன்னதில்லை. வறுமையின் நிழலும் அவன்மேல் விழவில்லை. சிறார் இல்லத்தில் வளரவில்லை. நூறுபேர் உடன்பிறப்புச் சூழ அரண்மனையில் இருந்தவன், பங்காளிகள் நன்றாயிருப்பதைக் கண்டான், அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு காரணமும் அவனுக்குத் தேவைப்படவில்லை. நம் தெருக்கூத்துக்காரர்கள் விடியவிடிய ஆடி இதனை ஊராருக்கு உணர்த்தினார்கள். எழுத்தறியாத பாட்டிமாரும் துரியோதனன் நெஞ்சு எரிவதை விளங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு விளங்கியது, பட்டம் பெற்ற நகரத்துப் பார்வையாளருக்கு விளங்காது என்று எப்படி முடிவுகட்டினர்? நமக்குச் சோரம்போன தாயைக் காட்டினால்தான் தீமை புரியும் என்று எவர் சொன்னார்?

இக்குறை படத்தோடு நின்றிருந்தாலும் பொறுத்திருப்போம். 2014 இல் ‘சலீம்’ என்று அடுத்த பாகம் வந்தது. அதில் திருடிய பெயரோடு கார்த்திக் நேர்மையான மருத்துவராகவே வாழ்கிறார். இம்முறை அவர் நீதிக்காகப் போராடுகிறார், கொடுமைக்கு உள்ளான ஒரு பெண்ணுக்காக ஆயுதம் ஏந்துகிறார், அரங்கம் கைதட்டுகிறது. பெயருக்கு உரிய இளைஞன் மண்ணுக்குள். அசோக் மண்ணுக்குள். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவன் எங்கேயோ. அவர்கள் அனைவரின்மேலும் ஓர் அறவோன் எழுந்து நிற்கிறான். ஹைஸ்மித்தின் டாமும் தண்டனையின்றித் தப்பினான் என்றோம். ஆனால் தப்பியவனுக்கு அவர் மாலை சூட்டவில்லை. கிரேக்கக் கரையை அணுகும்போதும் துறைமுகந்தோறும் காவலர் நிற்பதாக எண்ணி நடுங்கவைத்தார். நம்மவர் மாலையே சூட்டிவிட்டனர்.

இதில் நமக்கென்ன நட்டம் என்று கேட்போர், தம் பிள்ளைகளின் தமிழ் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும். வீட்டில் அரைமணி நேரம் தமிழ். மற்றதெல்லாம் திரைப்படத் தமிழ். இந்நகரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் மனம் எத்தகையது என்று காட்டும் சாளரம் பெரும்பாலும் அதுவே. அந்தச் சாளரத்தில் சினம் தெரிகிறது, காதல் தெரிகிறது, பழிவாங்கல் வேண்டுமளவு தெரிகிறது. பொறாமை மட்டும் தெரிவதில்லை. தெரிந்தாலும் அது வில்லன் வீட்டுச் சரக்காகவே தெரிகிறது. ஆகவே தன் நெஞ்சில் அது மூளும்போது, அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. அதைத் ‘திறமை’ என்றோ ‘முன்னேற்ற ஆர்வம்’ என்றோ பெயரிட்டுக்கொள்கிறான். வீட்டில் நாமும் அப்படியே பெயரிட்டுக் கொடுக்கிறோம்.

‘நான்’ படத்தை எவரும் பார்க்கக் கூடாது என்பது நம் கட்சியன்று. பார்க்கவே வேண்டும் என்கிறோம். நம் சங்கத்தில் இளைஞர்க்கென ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்கி ‘நான்’ படத்தைத் திரையிடுக; அடுத்த ஞாயிறு ‘தீபன்’; அதற்கடுத்த வாரம், படமே வேண்டா, பாரதியின் துரியோதனனை எவரேனும் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். மூன்றையும் கேட்ட பிள்ளைகள் என்ன சொல்கின்றனர் என்று பெரியவர்கள் குறுக்கிடாமல் கேட்கட்டும். மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டு வருவோர்க்கு அன்று விடுமுறைதான். நாற்காலிகளை எடுத்துப் போட நாம் முன்னதாகவே வந்துவிடுவோம்.